பனி காணாத ஊரில் ஒரு வடிதிருகு

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக ஒடுங்கிச் செல்லும் நிலப்பட்டியில் வீட்டு முற்றங்கள் பெரும்பாலும் மணல் முற்றங்களே ஆதலால், அங்கே நிறுத்திவைத்த மோட்டார் வண்டி இரவில் ஒழுகவிடும் நீர் விடியுமுன்னரே மணலுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. சீமெந்துத் தரையுள்ளவன் காலையில் கண்ணால் கண்டு அறியும் நோயை, மணல் முற்றத்துக்காரன் கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்து நண்பகலில், அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியின் நடுவில், முன்மூடியின் இடுக்குகளால் ஆவி கிளம்பிய பின்னரே அறிகிறான். நானும் அவ்விதமே அறிந்தேன். அப்போது வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலம். 2020 மார்ச்சில் விழுந்த அந்தத் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது என்பதால், பழைய வண்டிகளெல்லாம் தங்கள் வயதையும் மீறி உழைக்கும்படி விதிக்கப்பட்டிருந்தன. உதிரிப்பாகங்களோ பொன்விலை விற்றன. ஒரு கராஜில் ரேடியேற்றரையே மாற்றவேண்டும் என்றார்கள். மற்றோரிடத்தில் இருந்த முதியவர் வண்டிக்கடியில் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, முழுசா மாத்தத் தேவல்ல, அடியில இருக்கிற டெப்பப் பாருங்க" என்றார். அந்த டெப்பின் கதையே இவ்வத்தியாயம்.

ரேடியேற்றரின் அடித்தொட்டியில், பெருவிரல் நுனியளவே உள்ள ஒரு சிறு திருகு இருக்கும். கராஜுகளில் இதனை 'டிரெய்ன் பிளக்' என்பர். பித்தளையில் செய்த பழைய வகையை 'டெப்' என்பதும் உண்டு. காரைதீவில் 1892-இல் பிறந்து, விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்று, இரசாயனம் போதித்து, முப்பதுகளில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் இதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பாரோ அறியேன்; அவருடைய ஊருக்கு அயலூரில் இருந்துகொண்டு எழுதுகிற துணிவில் நான் 'வடிதிருகு' என்று வழங்குகிறேன்.

ரேடியேற்றர் என்ற பெயரே ஒரு பிழையான பெயர் என்பதை இவ்விடத்திற் சொல்லிவிடலாம். அப்பெயர் வெப்பத்தைக் கதிர்களாக வீசுவது என்று பொருள்படும். உண்மையிலோ அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைத் தன்னூடே பாயும் காற்றிடம் மேற்காவுகையினால் ஒப்படைக்கிறது. எரிபொருள் எரிவதால் பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இயந்திரத்தின் சுவர்களிலே தங்கி, அங்கிருந்து நீரோடு வெளியேறவேண்டியதாகிறது. காள் பென்ஸ் 1886-இல் உரிமைப்பத்திரம் பெற்ற முதல் வண்டி இந்த வெப்பத்தை நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியே போக்கிற்று. ஓட ஓட நீர் குறையும், வழியெல்லாம் ஊற்றவேண்டும். 1900-இன் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் அமைத்த மெர்சிடிஸ் வண்டியில்தான், 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல அடுக்கிக் காற்றுக்கு வழிவிட்ட ரேடியேற்றர் தோன்றி, குறைந்த நீரைக் கொண்டே நெடுந்தூரம் செல்லும் சாத்தியத்தை உண்டாக்கிற்று.

ஆனால் அந்த நீரை வெளியே விடுவதற்கு ஒரு திருகு எதற்காக வேண்டியிருந்தது? நம் ஊரில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் சரியான விடை கிடைப்பது அரிது. நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. அவ்விதம் பெருகும் நீரை அடக்கிவைக்க எந்த வார்ப்பிரும்புச் சுவருக்கும் வலிமையில்லை. இங்கிலாந்தின் மாரிக்கால இரவொன்றில் நீரோடு விடப்பட்ட இயந்திரம் காலையில் பிளந்து கிடக்கும். ஆகையினால் அங்குள்ளோர் மாலையில் வண்டியை நிறுத்தியதும் ரேடியேற்றரின் அடியிலும் இயந்திரத்தின் விலாவிலும் உள்ள இரு திருகுகளைத் திறந்து நீர் முழுவதையும் வடியவிட்டு, மறுநாட் காலையில் மீண்டும் நிரப்பிக்கொள்வார்கள். வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு இரசாயனர் 1856-இல் ஆக்கிய எதிலீன் கிளைக்கோல், நீரை உறையவிடாத மருந்தாகப் பின்னாளில் வழக்கத்துக்கு வந்த பின்பு அந்தத் தினசரித் தொல்லை நீங்கிற்று. திருகு மட்டும் நீங்கவில்லை. நுவரெலியாவிலே சில ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. கல்முனை மண்ணிலோ நீர் தானாக உறைந்ததை எவரும் கண்டதில்லை. ஆக, பனிக்கு அஞ்சிய தேசத்தில் பிறந்த ஓர் உபகரணம், பனியே இல்லாத இக்கரையில் வந்து, தான் எதிர்பாராத வேறு சத்துருக்களோடு பொருதுகொண்டிருக்கிறது. அச்சத்துருக்கள் கிணற்று நீரும், உப்புக் காற்றும், வெயிலும் ஆம்.

கிணற்று நீரைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். நம்முடைய கடலோர மணலின் கீழே நன்னீர் ஒரு வில்லையைப் போல, கனமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டுக் கைபனும், அடுத்துச் சில ஆண்டுகளில் ஜெர்மானிய ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கணித்தார்கள். அந்த வில்லை மெலிந்த இடங்களிலும், அளவுமீறி இறைத்த இடங்களிலும் உப்பு மேலே ஏறுகிறது. 2004 டிசெம்பர் 26-இல் கடல் ஊருக்குள் புகுந்து மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் சிதைத்துச் சென்ற பின்னர், கிணறுகளைச் சுத்தம் செய்வதாக எண்ணி ஓயாமல் இறைத்தவர்கள் கீழிருந்த உப்பையே மேலே அழைத்துக்கொண்டார்கள் என்பது நம்மவர் துயரத்தோடு கற்ற ஒரு பாடம். இத்தகைய நீரைத்தான், கைக்கு எட்டியது என்பதற்காக, நாம் ரேடியேற்றரில் ஊற்றுகிறோம்.

அதிலுள்ள சுண்ணாம்பு சூட்டினால் படிவாக இறங்கி, தொட்டியின் மிகத் தாழ்ந்த இடமாகிய வடிதிருகின் வாயில் மணலைப்போல் தங்குகிறது. அதிலுள்ள குளோரைட்டோ பித்தளையைத் தின்கிறது. பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம் என்பதை யாவரும் அறிவோம். உப்புநீர் அந்தக் கலப்பிலிருந்து நாகத்தை மாத்திரம் மெல்ல மெல்லக் கவர்ந்து செல்ல, எஞ்சியிருப்பது உருவத்தில் பழைய திருகாகவும், உள்ளே கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த செம்பாகவும் ஆகிவிடுகிறது. மஞ்சளாய் இருந்த திருகில் இளஞ்சிவப்புத் திட்டுக்கள் தோன்றினால், அதைச் செப்பனிட முயல வேண்டா. குறட்டினால் ஒரு திருப்புத் திருப்பியதும் அது பாதியில் முறிந்து மற்றப் பாதி தொட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

எனினும், கசிவது வடிதிருகுதானா என்பதை நிச்சயித்துக்கொள்ளாமல் சாவியைக் கையில் எடுப்பது அவசரபுத்தி. மேலேயுள்ள இறப்பர்க் குழாயின் இணைப்பில் கசியும் நீரும், பக்கத்துத் தையலில் கசியும் நீரும் ஓடியோடி வந்து, இறுதியில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்தே சொட்டும். தாழ்ந்த இடத்தில் இருப்பவன்மேல் ஊரார் குற்றமெல்லாம் விழுவது மனிதருக்குள் மாத்திரம் உள்ள வழக்கமன்று. குளிரூட்டி பூட்டிய வண்டியாயின் மற்றொரு மயக்கமும் உண்டு: ஈரம் மிகுந்த நம் கரையோரக் காற்று அதன் குளிர்ந்த குழாய்களிற் பட்டு நீராகி, வண்டிக்கடியில் தாராளமாகச் சொட்டும். அது தூய நீர். நிறமும் மணமும் வழுவழுப்பும் அற்றது. கூலன்ட் கலந்த நீரோ பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து, விரல்களுக்கிடையே வழுக்கும். ஆறிய வண்டியின் ரேடியேற்றரை மருதமுனைச் சாரனின் பழந்துண்டு ஒன்றினால் நன்கு துடைத்து உலர்த்தி, திருகைச் சுற்றியும் அதற்கு மேலும் பிள்ளைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவி, கடதாசி மட்டை ஒன்றைக் கீழே விரித்துவிட்டால், ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்பதைப் பவுடரே காட்டிக்கொடுக்கும்.

ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றரின் இருபதில் ஒரு பங்கு. செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு மணித்தியாலத்தில் 180 மில்லிலீற்றர், ஒரு நாளில் நாலேகால் லீற்றருக்கு மேல். சிறிய காரொன்றின் முழு நீர்க்கொள்ளளவும் ஐந்து லீற்றரை ஒட்டியதே. ஆயினும் கசிவு இவ்விதம் ஒரே சீராக இருப்பதில்லை. வண்டி ஆறியிருக்கும்போது திருகின்மேல் உள்ள அமுக்கம், அதற்குமேல் நிற்கும் நாற்பது சென்ரிமீற்றர் நீரின் அமுக்கம் மாத்திரமே. ரேடியேற்றர் மூடியிலோ 0.9 என்ற இலக்கம் பொறித்திருப்பதைக் காணலாம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம் அமுக்கம் ஏறும்வரை அம்மூடி நீரை உள்ளேயே அடக்கிவைக்கும் என்பது அதன் பொருள். ஒன்பது மீற்றர் ஆழக் கிணற்றின் அடியில் உள்ள அமுக்கத்துக்கு இது சமானம். ஆகவே சூடேறிய வண்டியில் திருகு தாங்கும் அமுக்கம், ஆறிய வண்டியில் தாங்குவதைப்போல் இருபது மடங்குக்கும் மேலாகிறது. அதனோடு, முப்பது பாகையிலிருந்து தொண்ணூறு பாகைக்குச் சூடேறும் நீரின் பாகுநிலை பாதியிலும் குறைந்துவிடுவதால், மயிரிழை போன்ற இடுக்குகளில் அது முன்னிலும் இலேசாகப் புகுந்து செல்கிறது. இரவெல்லாம் உலர்ந்து கிடக்கும் திருகு பொத்துவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு லீற்றரை இழக்கும் மர்மம் இதுவே. சொட்டும் நீர் சூட்டிலே உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால், வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்த பொருக்கு ஒன்றே அதன் சாட்சி.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு என்பது என்னை வெகுநாள் குழப்பிய விஷயம். சில வண்டிகள் விடியற்காலையில் சொட்டும். இயந்திரம் சூடேறியதும் நின்றுவிடும். இங்கே குற்றவாளி இறப்பர் வளையம். ஆண்டுக்கணக்காகச் சூட்டில் நசுங்கிக் கிடந்த இறப்பர் தன் நெகிழ்ச்சியை இழந்து, நசுங்கிய வடிவத்தையே தன் இயற்கையாகக் கொண்டுவிடுகிறது. சூட்டில் பருத்து இடத்தை நிரப்பும் அது, குளிரிற் சுருங்கியதும் நீருக்கு வழிவிடுகிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்ரென்சன் 1939-இல் உரிமைப்பத்திரம் பெற்ற 'ஓ-ரிங்' எனும் அவ்வளையத்தின் சூட்சுமம், தன்னை நசுக்கும் அமுக்கத்தையே துணையாகக் கொண்டு இடுக்கை அடைப்பது. அதற்கு உயிர் நெகிழ்ச்சி ஒன்றே. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் 1876-இல் முதல் இறப்பர்க் கன்றுகளை நட்ட தேசத்தார் நாம். எனினும் மரத்துப் பாலினாலான அந்த இறப்பர் ரேடியேற்றரின் சூட்டை நெடுங்காலம் தாங்காது. இப்போதைய வளையங்கள் செயற்கை இறப்பரினாலானவை. அவ்வகை இறப்பர் கொதிநீரைச் சகிக்கும், எண்ணெயைச் சகியாது. ஆதலால் வழுக்கிச் செல்லட்டும் என்று கிரீஸோ என்ஜின் எண்ணெயோ பூசிவிட்டால், வளையம் ஊதிப் பருத்துக் கெடும். கூலன்டையே ஒரு துளி தடவினாற் போதும்.

இனிச் செப்பனிடும் முறை. சுபஹுத் தொழுகை முடிந்து வந்த வேளையே இதற்கு உகந்தது. இரவு முழுவதும் ஆறிய இயந்திரம் அப்போதுதான் முற்றாகக் குளிர்ந்திருக்கும். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறப்பவன் என்ன செய்கிறான் என்பதைக் கணக்காகவே காட்டலாம். அமுக்கத்தின் கீழ் நீர் 118 பாகை வரை கொதிக்காமலே இருக்கக்கூடும். 110 பாகையில் உள்ள ஐந்து லீற்றர் நீரின்மேலிருந்த அமுக்கம் திடீரென நீங்கினால், அதில் ஏறத்தாழ 90 கிராம் அக்கணமே ஆவியாகி, 150 லீற்றர் இடத்தை வேண்டி நிற்கும். அந்த இடம் திறந்தவனுடைய முகத்துக்கு நேரேதான் இருக்கிறது.

மூடியை மெதுவாகத் திறந்து, அகன்ற பேசின் ஒன்றைக் கீழே வைத்து, திருகை இளக்கி, நீர் முழுவதும் வடிந்தபின் அதைக் கழற்றி எடுத்துப் பார்த்தால், அது பித்தளையா பிளாஸ்திக்கா என்பதைப் பொறுத்து வைத்தியம் வேறுபடும்.

என் வாப்பா காலத்து ஆங்கிலேய வண்டியில் இருந்தது பித்தளை டெப். கூம்பு வடிவான முளையொன்று கூம்பு வடிவான குழியில் பொருந்தி அமரும் அமைப்பு. அதில் இறப்பர் கிடையாது. உலோகத்தோடு உலோகம் பொருந்துவதே அடைப்பு. ஒரு மணற்பரல் கீறிய கோடு போதும், நீர் வழி கண்டுகொள்ளும். இதற்கு வாப்பா செய்த பரிகாரம், முளையின் நுனியில் சிறிது குருந்தப் பசையைத் தடவிக் குழியில் வைத்து, அமுக்காமல், விரல்களுக்கிடையே இடமும் வலமுமாக அரைவட்டமாக உருட்டி உருட்டித் தேய்ப்பது. இரண்டு பரப்புகளும் ஒரே சாம்பல் நிற வளையமாக மங்கியதும், பசையைத் துளியும் எஞ்சாமல் கழுவி மீண்டும் பூட்டுவது. அதை கராஜில் எவரிடமோ கற்றார் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பின்னர் அல்-ஜசரி என்னும் பேரறிஞர் தியார்பக்கீரில் இருந்து 1206-இல் எழுதி முடித்த இயந்திரக் கலை நூலைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, நீர்க்கடிகாரங்களுக்கு அவர் அமைத்த கூம்பு வால்வுகளும், அவை நீர் கசியாதபடி முளையையும் இருக்கையையும் குருந்தத் தூளிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையும் அதிற் கூறப்பட்டிருக்கக் கண்டேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் தொழில் கல்முனை மணல் முற்றத்தில், சாரனை மடித்துக் கட்டிக் குந்தியிருந்த ஒருவரின் விரல்களில் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியர் 'கொரண்டம்' என்று வழங்கும் பெயரும் நம் 'குருந்தம்' சென்றதேயாம். இரத்தினபுரியின் நீலக்கல்லும் அதே குருந்தத்தின் நிறமேறிய உருவம்.

இக்காலத்து வண்டிகளில் அடித்தொட்டியும் திருகும் பிளாஸ்திக்கினாலானவை. தொட்டி கண்ணாடி நார் கலந்த நைலோன். இங்கே குருந்தத்துக்கு வேலையில்லை. பழைய வளையத்தைக் கத்திமுனை படாமல் மரக்குச்சியால் நெம்பி எடுத்து, அதே விட்டமும் அதே தடிப்பும் உள்ள புதியதைப் போடவேண்டும்; பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம். துளையின் வாயில் வெண்படிவு இருந்தால் வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைக்க, சுண்ணாம்பு காபனீரொட்சைட்டுக் குமிழிகளாகப் பொங்கிக் கரையும். பின்பு துடைத்துக் கழுவிவிடவேண்டும். திருகை விரல்களால் பூட்டி, அது அமர்ந்த பின்னர் இன்னும் சற்றே திருப்பினாற் போதுமானது.

இவ்விடத்தில்தான் நம்மவர் பெரும்பாலும் தவறுகிறார்கள். கசிகிறதே என்ற ஆத்திரத்தில் குறட்டால் இறுக்குகிறார்கள். சூட்டிலே முறுகிப்போன பிளாஸ்திக் அதற்குப் பதிலாக வெடிக்கிறது. நூறு ரூபாயோடு போகவேண்டிய காரியம் முழு ரேடியேற்றரின் விலைக்கு வந்து நிற்கிறது. இன்னும் சிலர் வீட்டுக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை நாடாவைத் திருகின் புரியிற் சுற்றுகிறார்கள். புரியே அடைப்பாக அமைந்த, நுனி ஒடுங்கிய பித்தளைத் திருகுகளுக்கு அது தக்க உபாயந்தான். வளையத்தால் அடைபடும் பிளாஸ்திக் திருகிலோ, காவற்காரன் நிற்கும் வாசலை விட்டு வேறு வாசலுக்குப் பூட்டுப் போடுவது போன்றதாகும். லொறி ஓட்டுபவர்களிடையே வழங்கும் மஞ்சள்தூள் வைத்தியமும் அத்தகையதே: நடுவழியில் துளைபட்ட குழாய்க்கு அது ஆபத்துக்கு உதவும், ஆனால் கசியும் துளையை அடைக்கும் தூள் கசியாத நுண்குழாய்களையும் அடைக்குமன்றோ?

வடித்தெடுத்த நீரில் கூலன்ட் இருந்தால் அதை முற்றத்தில் கொட்டக்கூடாது. எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது, விஷமானது. பூனையும் ஆடும் அதை நக்கினாற் சாகும். மணலின் கீழ் சில அடி ஆழத்தில் நம் கிணற்று நீர் நிற்கிறது என்பதும் நினைவிலிருக்கட்டும். போத்தலில் அடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய எண்ணெயைச் சேர்த்துக் கொண்டுபோகும் கராஜில் கொடுத்துவிடுவதே முறை.

மீண்டும் நிரப்புவதற்குக் கிணற்று நீர் வேண்டா. கூலன்டோடு கலப்பதற்கு வடிநீர் சிறந்தது. பற்றரிக்கென விற்கும் போத்தல்களில் அது கிடைக்கும், ஆனால் அதே அலுமாரியில் அதே உருவப் போத்தலில் அமிலமும் இருக்கும் என்பதால் லேபலை இரு தரம் வாசிப்பது நன்று. ஒக்டோபர் தொடங்கிக் கொட்டும் வாடைக்கால மழையில், கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின்னர் பிடித்து மூடிவைத்த நீர் ஏறத்தாழ அதற்கு நிகரானது. மெல்லிய தாரையாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே சிறைப்பட்ட காற்று குமிழிகளாக வெளியேறி ஓய்ந்த பின்பு, மட்டம் குறைந்ததை நிரப்பி மூடிவிடலாம்.

அதன்பின் ஒலுவில் வெளிச்சவீடு வரை ஒரு முறை போய்த் திரும்பி, சூடு தணியுமுன் திருகைக் கண்ணால் மட்டும் பார்த்து, இரவில் மட்டையை விரித்து வைத்தேன். காலையில் மட்டை உலர்ந்திருந்தது. ஆயினும் மூடியைத் திறந்தபோது நீர்மட்டம் அரைக்கோப்பை அளவு இறங்கியிருக்கக் கண்டு மனம் துணுக்குற்றது. கசிவு மீளவில்லை. இயந்திரத்தின் வளைவுகளில் ஒதுங்கியிருந்த கடைசிக் காற்றும் முந்திய நாள் ஓட்டத்தில் வெளியேற, அது விட்டுச் சென்ற இடத்தை நீர் நிரப்பியிருந்தது. அரைக்கோப்பை மழைநீரை ஊற்றி மூடினேன். அடுத்த நாள் குறையவில்லை.